பத்து ஆண்டு கழித்து வந்த ராஜினாமா



ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்து, அனுப்பாமல் கணினியில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நம் வளாகத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். காலை எட்டரை மணிக்கு லிஃப்டில் உங்களோடு இறங்குகிறவன் என்ற முறையில், முகத்தைப் பார்த்தே பாதிப் பேரை என்னால் சொல்லிவிட முடியும். வேலை மோசமில்லை. சம்பளம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. மேலதிகாரியும் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் ஃபைல், பில், ரிப்போர்ட், மீட்டிங் என்று நாள் ஓடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. விட்டுவிடலாமா? விட்டால் வீட்டுக் கடனுக்கு என்ன வழி? வீட்டில் என்ன சொல்வார்கள்?

இந்தக் கேள்வியோடு வாழ்ந்த ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிப்ரவரி 28ஆம் தேதி தேசிய அறிவியல் நாள் என்று பள்ளியில் பிள்ளைகள் சார்ட் ஒட்டுகிறார்களே, அந்த சர் சி.வி. ராமன்தான். கடல் ஏன் நீலம், ராமன் விளைவு, நோபல் பரிசு எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அவர் முழுப் பத்து ஆண்டுகள், 1907 முதல் 1917 வரை, அரசாங்க நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்தார் என்பதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது அந்த ஒரு வரியைத்தான்.

முதலில் குடும்பம். 1888 நவம்பர் 7ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர், அம்மா பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தான் பிறந்தபோது அப்பாவுக்கு மாதச் சம்பளம் 10 ரூபாய்தான் என்று பிற்காலத்தில் ராமனே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிறகு அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததும் நிலைமை கொஞ்சம் தேறியது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன் நன்றாகப் படித்தால் அடுத்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் இன்றைக்கும் பதில் ஒன்றுதான்: நிரந்தர வேலை.

பையனோ சாதாரணமாகப் படிக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ.வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். எம்.ஏ. படிக்கும்போது ஆசிரியர்களே வகுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சுதந்திரத்தில் 1906இல், 18 வயதில், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனிலிருந்து வரும் பிலசாபிகல் மேகசின் இதழில் அச்சானது. வழிகாட்ட ஆளில்லை. கல்லூரியிலிருந்து அப்படி ஒரு கட்டுரை போகும் வழக்கமும் அப்போது இல்லை.

இத்தனை இருந்தும் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க அன்றைய இந்தியாவில் இடமில்லை. பெரிய கல்லூரிகளில் பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கே போயின. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போவது ஒரு வழி. அதற்கான மருத்துவச் சோதனையில் சென்னை சிவில் சர்ஜன் இவரை நிறுத்திவிட்டார். இந்த ஒல்லியான உடம்பு அங்குள்ள குளிரைத் தாங்காது என்பது அவர் தீர்ப்பு. ஐ.சி.எஸ். தேர்வு எழுதவும் இங்கிலாந்து போக வேண்டும், ஆகவே அதுவும் இல்லை. மிச்சம் இருந்தது இந்தியாவிலேயே எழுதக்கூடிய நிதித் துறைத் தேர்வு. அண்ணன் சுப்ரமணியன் ஏற்கெனவே அந்தத் துறையில்தான் இருந்தார். இயற்பியல் படித்த பையன் வரலாறு, பொருளாதாரம், சமஸ்கிருதம் என்று புதிதாக உட்கார்ந்து படித்து, 1907 பிப்ரவரியில் தேர்வு எழுதி முதலிடத்தில் வந்தார்.

அதே ஆண்டு மே மாதம் திருமணம். மணப்பெண் லோகசுந்தரிக்கு அப்போது 13 வயது, அந்தக் காலத்து வழக்கம். அந்தக் காலத்து வழக்கமில்லாதது என்னவென்றால், பெண்ணை ராமனே பார்த்து முடிவு செய்தார், வரதட்சணையும் வாங்கவில்லை. நிதித் துறையில் திருமணமான அதிகாரிக்கு மாதம் 150 ரூபாய் கூடுதல் படி உண்டு. அதையும் சேர்த்து அவருடைய தொடக்கச் சம்பளம் 400 ரூபாய். அந்த 150 ரூபாய்க்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டாரோ என்று வீட்டில் அவரைக் கேலி செய்வதுண்டாம். 10 ரூபாய் சம்பளத்தில் தொடங்கிய வீட்டுக்கு 400 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1907ஆம் ஆண்டின் நடுவில், 19 வயதுகூட முடியாத அதிகாரி, உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அரசாங்கக் கணக்குகளைச் சரிபார்ப்பது, பில்களைத் தணிக்கை செய்வது, கோப்புகளில் குறிப்பு எழுதுவது எல்லாம் அவர் வேலை. பௌபஜார் தெருவை ஒட்டிய ஸ்காட்ஸ் லேனில் வீடு. கதை அத்தோடு முடிந்திருக்கலாம். கல்லூரியில் கவிதை எழுதியவர்கள், வயலின் கற்றவர்கள், கணக்கில் புலியாக இருந்தவர்கள் என்று நம்மில் எத்தனை பேருடைய கதை முதல் சம்பளத்தோடு முடிந்திருக்கிறது!

ஒருநாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் மக்களிடம் நன்கொடை திரட்டித் தொடங்கிய சங்கம் அது. சொற்பொழிவுக் கூடமும் ஆய்வுக்கூடமும் கருவிகளும் இருந்தன. அங்கே வந்து ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. அந்த ஏமாற்றத்தோடேயே சர்க்கார் 1904இல் காலமாகியிருந்தார். ராமன் போய்க் கதவைத் தட்டியபோது திறந்தவர் அங்கே உதவியாளராக இருந்த ஆசுதோஷ் டே. சர்க்காரின் மகன் அமிர்தலால் அப்போது செயலாளர். இத்தனை ஆண்டுகளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டார் என்று அவருக்கு மகிழ்ச்சி. எப்போது வேண்டுமானாலும் வந்து வேலை செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது.

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே ராமன் ஆராய்ச்சி செய்தார் என்று சொல்லிவிடுவது சுலபம். எப்படிச் செய்தார் என்பதற்கு அவர் மனைவி பிற்காலத்தில் சொன்ன தினசரி அட்டவணை இருக்கிறது. காலை 5.30க்கு வீட்டை விட்டுக் கிளம்பிச் சங்கத்துக்குப் போவார். 9.45க்குத் திரும்பி வந்து, குளித்து, சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, தாமதமாகிவிடக் கூடாதே என்று வாடகை வண்டி பிடித்து அலுவலகம். மாலை 5 மணிக்கு அலுவலகம் முடிந்ததும் நேராகச் சங்கம். இரவு 9.30 அல்லது 10 மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் சங்கத்தில்.

கூட்டிப் பாருங்கள். காலையில் நாலேகால் மணி, மாலையில் நாலரை மணிக்கு மேல். தினமும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். அவருக்கு ஒன்றல்ல, இரண்டு முழுநேர வேலைகள் இருந்தன. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தார் என்று எழுதுகிறவர்கள் ஓய்வு எங்கே இருந்தது என்பதையும் சொன்னால் தேவலை.

லோகசுந்தரியின் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். மொழி தெரியாத ஊர், சின்ன வயது, விடியும் முன் போய் இரவு வரும் கணவர். ஞாயிறும் இல்லை. ராமனின் சாதனையைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்த வரவு செலவை யாரும் வாசிப்பதில்லை. ஐந்தரை மணிக்குக் கிளம்பும் ஆளுக்கு அதற்கு முன்பே எழுந்து வீட்டை நடத்திய ஒருவர் இருந்தார் என்பதைக் காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போது நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நம் வளாகத்துப் பெண்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஆசுதோஷ் டேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரிப் பக்கம் போகாதவர் அவர். ராமன் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் சோதனைக்கான ஏற்பாடுகளைச் செய்து வைப்பது, கருவிகளைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பின்னாளில் ராமனோடு சேர்ந்து அவர் பெயரிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன. பகலில் அலுவலகத்துக்குப் போகும் மனிதர் பத்து ஆண்டுகள் ஆராய்ச்சி செய்ய முடிந்ததற்கு இப்படி ஒருவர் கிடைத்ததும் ஒரு காரணம்.

என்ன ஆராய்ந்தார்? பெரும்பாலும் ஒலி, அதிர்வு. வயலின் நரம்பில் வில் படும்போது என்ன நடக்கிறது, ஏக்தாராவின் ஒற்றைத் தந்தி எப்படி ஒலிக்கிறது என்ற கேள்விகள். விலை உயர்ந்த கருவி வேண்டாத, அதே சமயம் தன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த விஷயங்களாக அவர் எடுத்துக்கொண்டதில் ஒரு கணக்கு அதிகாரியின் சாமர்த்தியம் எனக்குத் தெரிகிறது. நேச்சர், பிலசாபிகல் மேகசின், பிசிகல் ரெவ்யூ ஆகிய வெளிநாட்டு இதழ்களில் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. படித்தவர்களுக்கு இவர் நிதித் துறை ஊழியர் என்பது தெரியாது. இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ராலே பிரபு கடிதம் எழுதும்போது இவரைப் பேராசிரியர் என்றே குறிப்பிட்டாராம்.

அலுவலகத்தில் ஏனோதானோ என்று இருந்திருப்பார் என்று நினைத்தால் தவறு. துறையின் மிகச் சிறந்த அதிகாரிகளில் ஒருவர் என்று மேலிடத்தில் பெயர் வாங்கியிருந்தார். அதுதான் சிக்கலே. வேலை பிடிக்காமல், செய்யவும் தெரியாமல் இருந்தால் முடிவு எடுப்பது சுலபம். நன்றாகச் செய்யும் வேலையை, பாராட்டும் கிடைக்கும் வேலையை விடுவதுதான் கஷ்டம். இப்படியே போனால் ஒருநாள் வைஸ்ராயின் சபையில் நிதி உறுப்பினர் வரைகூடப் போவார் என்று பேசிக்கொண்டார்கள்.

சம்பளம் ஏறியது, பதவி ஏறியது. கூடவே அரசாங்க வேலையின் இன்னொரு குணமும் எட்டிப் பார்த்தது. இடமாற்றம்! 1909இல் ரங்கூனுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. கப்பலேறிப் போனார். கல்கத்தாவில் பாதியில் நின்ற சோதனைகள் அப்படியே நின்றன. 1910இல் அங்கிருந்து நாக்பூர். அங்கே வீட்டிலேயே ஒரு பகுதியை ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். இதற்கிடையில் அப்பா காலமான செய்தி வந்தது. விடுப்பு எடுத்துச் சென்னைக்கு வந்தவர், அந்த மாதங்களிலும் தான் படித்த மாநிலக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார்.

எனக்கு என்னவோ, ராமனுடைய மனதில் கணக்கு புரண்டது இந்த இரண்டு ஆண்டுகளில்தான் என்று தோன்றுகிறது. வேலைப்பளுவைச் சமாளிக்க அவருக்குத் தெரிந்திருந்தது, விடிகாலையும் இரவும் இருந்தன. ஆனால் எந்த ஊரில் இருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர் கையில் இல்லை. ஒரு காகிதம் வந்தால் ஆய்வுக்கூடம் ஆயிரம் மைல் தள்ளிப் போய்விடும். உங்களில் டிரான்ஸ்ஃபர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பள்ளியை நினைத்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நல்ல காலம், 1911இல் திரும்பக் கல்கத்தாவுக்கே மாற்றம் கிடைத்தது. இந்த முறை தபால் தந்தித் துறைக் கணக்கு அலுவலகம். ராமன் செய்த முதல் காரியம், சங்கத்துக்கு அடுத்த வீட்டையே வாடகைக்குப் பிடித்தது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு கதவு வைத்துக்கொண்டார்கள். போக வர ஆகும் நேரம் மிச்சம். இரவு எந்த நேரமும் ஆய்வுக்கூடத்துக்குள் போய்வரலாம். 1912இல் கர்சன் ஆராய்ச்சிப் பரிசும் 1913இல் உட்பர்ன் பதக்கமும் வந்தன.

இப்போது இன்னொருவர் உள்ளே வருகிறார். கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி. உயர் நீதிமன்ற நீதிபதி, ஆனால் அடிப்படையில் கணித ஆள். தன் பல்கலைக்கழகம் பரீட்சை நடத்துவதோடு நிற்கக் கூடாது, ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்று அறிவியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். தாரகநாத் பாலித் என்ற வழக்கறிஞர் 1912இல் பெரும் பணமும் நிலமும் அதற்காக எழுதி வைத்தார். அந்த நன்கொடையில் உருவானதுதான் பாலித் பேராசிரியர் பதவி. இந்தியர் மட்டுமே அதில் அமர வேண்டும் என்பது பாலித் போட்ட நிபந்தனை. இயற்பியலுக்கான அந்த நாற்காலிக்கு முகர்ஜி தேர்ந்தெடுத்தது, எந்தக் கல்லூரியிலும் ஒருநாள்கூடப் பாடம் எடுத்திராத கணக்கு அதிகாரியை. தைரியம் ராமனுடையது மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ராமன் உடனே கடிதத்தை வீசிவிட்டு எழுந்து வந்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. அவர் தன் நிபந்தனைகளைச் சொன்னார். பேராசிரியராக வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ராமன் மறுத்துவிட்டார். பயிற்சிக்காக எங்கும் போக மாட்டேன் என்பதில் பிடிவாதமாக நின்றார். ஏழு ஆண்டுகளாக அவர் செய்த வேலையை உலகம் படித்துக்கொண்டிருக்கும்போது இனி என்ன பயிற்சி? விதி தளர்த்தப்பட்டது. வகுப்பு எடுப்பது அவருக்குக் கட்டாயமில்லை, ஆராய்ச்சியே முதல் வேலை என்பதும் ஏற்கப்பட்டது. (வேலையில் சேர்ந்த பிறகு அவராகவே விரும்பி எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். அது வேறு விஷயம்.)

சரி, இந்தப் பக்கம் என்ன இழப்பு? சம்பளம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அரசாங்கப் பதவி, அதன் மரியாதை, மேலே இன்னும் ஏறக்கூடிய படிகள் எல்லாம் போகும். கிடைப்பதோ நன்கொடைப் பணத்தில் நடக்கும், கட்டடமே இன்னும் முழுதாக எழும்பாத ஒரு கல்லூரியில் ஒரு நாற்காலி. 1914 மார்ச்சில் அந்தக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் முகர்ஜி, நல்ல வருமானமும் எதிர்காலமும் உள்ள பதவியை விட்டுவர முன்வந்த ராமனின் துணிவை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பேராசிரியர் பதவிக்குத் தாராளமான சம்பளம் தர முடியவில்லையே என்ற தன் வருத்தத்தையும் மறைக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது சம்பளம் போதாது என்று தானே மேடையில் ஒப்புக்கொள்ளும் நிர்வாகி! எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

ராமனுக்கு அப்போது 25 வயது. முடிவு மனதளவில் எடுத்தாயிற்று. ஆனால் அந்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது, மற்றத் தாமதங்களும் சேர்ந்தன. அவர் பேராசிரியராகப் பொறுப்பேற்றது 1917 ஜூலையில். மூன்று ஆண்டுக்கு மேல் நடுவில் போயிருக்கிறது. போகப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் மூன்று ஆண்டு அதே மேசையில் உட்கார்ந்து அதே பில்களைச் சரிபார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நோட்டீஸ் பீரியடில் மூன்று மாதம் இருந்து பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அந்த மூன்று ஆண்டிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை, அலுவலகத்தில் கெட்ட பெயரும் வரவில்லை.

பிறகு ராஜினாமா. பத்து ஆண்டு அரசாங்கப் பணி முடிந்தது. அப்போது அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மூத்த மகன் பிறந்தது 1921இல்தான். பொறுப்பு குறைவாக இருந்ததால் துணிந்தார் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இரண்டு பிள்ளைகளும் கடனும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. சம்பளம் பாதியாவதை லோகசுந்தரி தடுக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. வாடகை வண்டியும் சேமிப்பும் குறைந்த வீட்டை நடத்த வேண்டியவர் அவர்தானே.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்தது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பழைய சங்கமே ஆய்வுக்கூடம். நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்தார்கள். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்காக முதல்முறையாக வெளிநாடு போனார். உடம்பு தாங்காது என்று சென்னை டாக்டர் தடுத்த அதே இங்கிலாந்து. திரும்பும் வழியில் நர்குண்டா கப்பலில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தபோது எழுந்த கேள்விதான் அடுத்த ஏழு ஆண்டு வேலைக்கு வித்து. 1924இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1928 பிப்ரவரி 28, கே.எஸ். கிருஷ்ணனோடு செய்த சோதனைகளின் முடிவில், அதே பௌபஜார் கட்டடத்தில், ராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு. அறிவியலில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர்.

இத்தோடு நிறுத்தினால் வேலையை விட்டவர் ஜெயித்தார் என்று ஆகிவிடும். அதனால் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே நிதித் துறையில் தம்பிக்கு முன்பே சேர்ந்த சுப்ரமணிய ஐயர் வேலையை விடவில்லை. ரயில்வே கணக்குத் துறையில் உயர்ந்த பதவிகளை வகித்தார். லாகூர், லக்னோ, சென்னை என்று மாற்றல்களையும் ஏற்றுக்கொண்டார். அவருக்கு உயிர் இசைதான். வயலின் வாசிப்பார், கர்நாடக இசையின் இலக்கணம் பற்றிப் புத்தகமே எழுதினார். தம்பி வயலின் நரம்பின் அதிர்வை அளந்துகொண்டிருந்தார், அண்ணன் அதே வயலினை வாசித்துக்கொண்டிருந்தார். லாகூரில் அவர் வேலையில் இருந்தபோது 1910இல் பிறந்த மகன்தான் சந்திரசேகர். அந்தப் பையன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று சுப்ரமணிய ஐயர் விரும்பினார். பையனோ இயற்பியல் என்றான், அம்மா சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். 1983இல் அந்த மகனுக்கும் நோபல் பரிசு. நிரந்தர வேலையில் கடைசிவரை இருந்த அப்பாவின் சம்பளத்தில்தான் அந்தப் படிப்பு தொடங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிர்வாக வேலையை விட்டு வந்த ராமனை அது விடவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மறுபடியும் பட்ஜெட், ஒதுக்கீடு, கமிட்டி. பத்து ஆண்டு அரசாங்கக் கணக்கை அப்பழுக்கில்லாமல் பார்த்தவர் இங்கே தடுமாறினார். இயற்பியல் துறைக்கே பணமெல்லாம் போகிறது என்று மற்றத் துறையினர் குற்றம் சாட்டினார்கள். அவருடைய முன்கோபமும் உதவவில்லை. ஆய்வுக் குழு ஒன்று வந்து அறிக்கை கொடுத்தது. 1937இல் இயக்குநர் பதவியை விட்டுவிட்டு, வெறும் பேராசிரியராக அங்கேயே 1948 வரை இருந்தார். அடுத்தவர் விதியின்படி கணக்குப் பார்ப்பது வேறு, தன் விருப்பமே விதியாக இருக்கும்போது பார்ப்பது வேறு போலிருக்கிறது. முதல் ராஜினாமாவைக் கொண்டாடும் நாம் இந்த இரண்டாவதைப் பேசுவதில்லை.

ஓய்வு பெற்றபோது அவருக்கு 60 வயது. பெங்களூரிலேயே மைசூர் அரசு கொடுத்திருந்த நிலத்தில் தனக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். அரசாங்க நிதியுதவி வேண்டாம் என்று கடைசிவரை மறுத்தார். பணம் வாங்கினால் அவ்வப்போது அறிக்கை எழுதி அனுப்ப வேண்டுமே, அது தன்னால் ஆகாது என்பதுதான் காரணம். ஒரு காலத்தில் ஊர் ஊராக வந்து குவிந்த கணக்குகளையும் அறிக்கைகளையும் படித்துத் திருத்தியவர் அவர். 1970 நவம்பர் 21ஆம் தேதி காலமானார். அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே அவருக்குச் சிதை மூட்டினார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மரம் நிற்கிறது.